கஞ்சி போகாத துணி

பையைக் கவிழ்த்துக் கொட்டியாயிற்று. பாப்பாவின் உடுப்புகள், மருந்து டப்பா, துண்டு, சீப்பு, நாத்தனாருக்கென்று வாங்கி வந்த கைப்பை எல்லாம் தரையில் கிடந்தன. போர்வையை மட்டும் காணோம். தையலம்மா பையின் அடியில் கிடந்த அட்டையைக்கூட விரல் விட்டுத் தூக்கிப் பார்த்தாள். அதற்குக் கீழே ஒரு போர்வை இருக்குமா? இருக்காது. ஆனால் யானையைத் தொலைத்தவன் குடத்துக்குள் கையை விட்டுத்தானே தேடுவான்.

"விமானத்துல தலைக்கு மேல வச்சோமே, அங்கயே விட்டுட்டோமா?" என்றார் அவள் வீட்டுக்காரர். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் எல்லோருக்கும் அவர் மெக்கானிக்தான்.

"நீங்க எடுப்பீங்கன்னு நான் இருந்தேன்."

"நீ எடுத்திருப்பேன்னு நான் இருந்தேன்."

நல்ல ஜோடி! ஆனால் இருவரையும் குறை சொல்லிப் பயனில்லை. மாத்திரை மயக்கத்தில் தள்ளாடிய பாப்பாவை ஆளுக்கொரு பக்கம் தாங்கிக்கொண்டு படியிறங்கினார்கள். நாலு கையும் அதற்கே போதவில்லை. மெக்கானிக் தன் அரைகுறை இங்கிலீஷை வைத்துக்கொண்டு விமான நிலையத்துக்குப் போன் போட்டுக் கேட்டார். அந்த விமானம் இந்நேரம் வேறொரு நாட்டில் இருக்கிறது, கிடைத்தால் சொல்கிறோம் என்று வைத்துவிட்டார்கள்.

பாப்பா என்றதும் இடுப்புக் குழந்தை என்று நினைத்துவிடாதீர்கள். இருபத்தேழு வயதுப் பெண். அப்பாவைவிட உயரம். பேச்சு வரவில்லை, மூளை ஒரு வழியில் வளர்ந்தது, உடம்பு ஒரு வழியில் வளர்ந்தது. பகலெல்லாம் தங்கமாக இருப்பாள். பொத்தான் டப்பாவைக் கொடுத்தால் நிறம் நிறமாகப் பிரித்து அடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பொழுது சாய ஆரம்பித்தால் மட்டும் அந்தப் போர்வை வேண்டும். சின்னச் சின்னச் சதுரமாக வெட்டிய துணிகளை ஒட்டி, நடுவில் பஞ்சு வைத்து, குறுக்கும் நெடுக்குமாக ஓடுதையல் போட்டு அவள் அம்மா தைத்த ஒட்டுப்போர்வை. அதன் ஒரு மூலையைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துக்கொண்டே தூங்கிப்போவாள். அது கையில் இல்லையென்றால் சுவரைத் தேடிப் போய் தலையை மோதிக்கொள்வாள். ஒருதரம் துவைத்தது காயாமல் மழையில் மாட்டிக்கொண்டபோது நெற்றியில் தையல் போடும்படி ஆகிவிட்டது.

நேற்று வந்திறங்கியதும் மாத்திரை மயக்கத்திலேயே தூங்கிவிட்டாள். இன்னும் ஒரே ஒரு மாத்திரை இருக்கிறது. அது திரும்பிப் போகிற விமானத்துக்கு. அதற்கு மேல் கொடுக்கவே கூடாது என்று டாக்டர் விரலை ஆட்டி ஆட்டிச் சொல்லியனுப்பியிருந்தார்.

இதையெல்லாம் நாத்தனாரிடம் சொல்லிவிட்டால் என்ன, அவளும் கூட நின்று தேடமாட்டாளா என்று கேட்பீர்கள். அங்கேதான் சிக்கல். அவர்கள் ஊர் சுற்றிப் பார்க்க வரவில்லை. போன வருஷம் மெக்கானிக்குக்கு நெஞ்சு வலி வந்து, ஆஸ்பத்திரி வராந்தாவில் தையலம்மா பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது ஒரு கேள்வி வந்து அவள் மடியில் ஏறி உட்கார்ந்தது. நமக்கப்புறம் இவளை யார் பார்ப்பார்கள்? அது இன்னும் இறங்கவில்லை. அவள் பக்கம் நாதியில்லை. அவர் பக்கம் இருப்பது ஒரே தங்கை. ஐம்பது வயதாகியும் வீட்டில் அவள் பெயர் குட்டிதான். கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டாள். பாப்பா சின்னவளாக இருந்தபோதே இந்த ஊருக்கு வந்துவிட்டாள், பல் செட் செய்கிற பட்டறையில் வேலை. எல்லோரும் ஆளைக் கண்டால் கண்ணைப் பார்ப்பார்கள், குட்டி வாயைப் பார்ப்பாள். அவளிடம் நேரில் வந்து கேட்கத்தான் கடல் தாண்டி வந்தார்கள்.

கேட்க வருகிறவள் உண்மையைச் சொல்லி வைத்திருக்க வேண்டுமா இல்லையா? தையலம்மா சொல்லவில்லை. "பாப்பா எப்படி இருக்கா அண்ணி?" என்று குட்டி போனில் கேட்கும்போதெல்லாம், "அவளுக்கென்ன, தங்கம்! இருக்கற இடம் தெரியாது" என்பாள். வீடியோவில் காட்டுவதென்றால் பொத்தான் அடுக்குகிற நேரமாகப் பார்த்துக் காட்டுவாள். ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணுகிற ஊரில், பெற்றவள் நாலு பொய் சொன்னால் குடியா முழுகிவிடும் என்பது அவள் கட்சி. இன்றைக்குப் பொழுது சாய்ந்தால் குடி முழுகத்தான் போகிறது.

"இன்னிக்கு நான் லீவு போட்டிருக்கேன் அண்ணி. எங்க போகலாம், சொல்லுங்க" என்று குட்டி காப்பிக் கோப்பையோடு வாசலில் வந்து நின்றாள்.

"துணிக் கடை" என்றாள் தையலம்மா. குரல் கிறீச்சிட்டுக்கொண்டு வந்தது. "ஒட்டுப்போர்வை தைக்கற துணி. அங்க ஒரு கஸ்டமர் ரொம்ப நாளா கேக்கறாங்க."

"வந்த மறுநாளே கஸ்டமரா? நீங்க திருந்தவே மாட்டீங்க. சரி, வாங்க."

மெக்கானிக் பாப்பாவோடு வீட்டில் இருப்பதென்று முடிவாயிற்று. கிளம்பும்போது தையலம்மா அவர் காதோடு, "இருட்டறதுக்குள்ள வந்துருவேன். முன்னாலயே ஆரம்பிச்சா போன் பண்ணுங்க" என்றாள். அவர் தலையை ஆட்டினார். அந்த மனிதரின் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

அவள் திட்டம் இதுதான். போனில் போர்வையின் படம் இருக்கிறது. ஒவ்வொரு சதுரமும் அவளுக்கு மனப்பாடம். மஞ்சளில் பொடி இலை போட்டது, நீலக் கட்டம், காவி, வெள்ளையில் சிவப்புப் புள்ளி. இந்த நாலும் கிடைத்தால் போதும், மூலைப் பக்கம் மட்டுமாவது பொழுது சாய்வதற்குள் தைத்துக் கையில் கொடுத்துவிடலாம். நிறம் துளி மாறக் கூடாது. அது பட்டுத் தெரிந்துகொண்ட பாடம். முன்னே ஒருதரம் மாற்றுக்கு இருக்கட்டும் என்று இன்னொரு போர்வை தைத்தாள். அந்த மஞ்சள் கிடைக்கவில்லை, வேறு மஞ்சளைப் போட்டாள். பாப்பா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தூக்கி எறிந்தாள். மஞ்சள் மாறியதுதான் காரணம் என்று தையலம்மா முடிவு கட்டிவிட்டாள். பழைய மஞ்சள் ஏற்றுமதிக் கழிவில் கிடைத்தது, இந்த மாதிரி தேசங்களுக்குப் போகிற துணி. அதனால் இங்கே இருந்தாலும் இருக்கும் என்று ஒரு நப்பாசை.

அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பார்கள். குட்டியோடு போனால் தெருவுக்குள்ளேயே கால் நுழையவில்லை. பாலத்தின் மேல் நிறுத்திப் போட்டோ எடுத்தாள். "சிரிங்க அண்ணி. கடவாய்ல ஒண்ணு போயிருக்கே, நான் கட்டித் தரேன்" என்றாள். செருப்புக் கடைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டாள். தெரிந்தவர் ஒருவரைக் கண்டு அவர்கள் பாஷையில் நின்று நிதானமாகப் பேசினாள். தையலம்மாவுக்குக் காலடியில் நெருப்பை வைத்த மாதிரி இருந்தது. வெயில் கட்டிடங்களின் பாதிவரை ஏறிவிட்டது. இந்த ஊரில் சூரியன் எத்தனை மணிக்கு இறங்கும் என்றுகூட அவளுக்குத் தெரியாது.

"இங்க எப்ப இருட்டும் குட்டி?"

"இப்பல்லாம் சீக்கிரம் இருட்டிடும். ஏன், பயமா? நான் இருக்கேன்ல."

முதல் கடை நாலு மாடி. திரைச்சீலையும் மினுமினுப்புத் துணியுமாக அடுக்கி வைத்திருந்தார்கள். தையலம்மா ஓரத்தைக் கசக்கிப் பார்த்தாள். கசங்கவே இல்லை, முழு பாலியஸ்டர். "இது கொசுவலைக்குக்கூட ஆகாது" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியே வந்தாள். அடுத்த கடையில் பருத்தி இருந்தது, பூவெல்லாம் முறத்தளவு. மூன்றாவது கடைக்காரன் சாப்பிடப் போயிருந்தான். அடைத்த கதவின் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு தையலம்மா உள்ளே எட்டிப் பார்த்தாள். தன் முகம்தான் தெரிந்தது. அழுதுவிடுவாள் போல இருந்தது.

"கஸ்டமர் அவ்வளவு பெரிய ஆளா அண்ணி?" என்றாள் குட்டி. இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"நாணயம்னு ஒண்ணு இருக்குல்ல."

நாணயம்! வாய் கூசாமல் சொன்னாள். குட்டி தன் பட்டறையில் வேலை செய்கிற ஒருத்திக்குப் போன் போட்டு விசாரித்தாள். ஒரு சந்து, அதற்குள் ஒரு கட்டிடம், படியிறங்கினால் நிலவறை. ஒட்டுப்போர்வைக்கென்றே ஒரு கடை. உள்ளே நுழைந்ததும் தையலம்மாவுக்கு மூச்சே திரும்பி வந்தது. சுவர் முழுக்கத் துணிச் சுருள்கள், சிவப்பில் தொடங்கி ஊதாவரை நிறவாரியாக நின்றன. மேசையில் கையகலத் துண்டுகளை மடித்து நாடா கட்டி வைத்திருந்தார்கள். வேறு நாளாக இருந்தால் அங்கேயே பாய் விரித்துக் குடியேறியிருப்பாள்.

கடைக்காரி மெலிந்த பெண். மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். போனில் இருந்த படத்தைப் பார்த்ததும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு என்னவோ நீளமாகச் சொன்னாள்.

"யார் தச்சதுன்னு கேக்கறாங்க. தையல் வரிசை பிடிச்ச மாதிரி இருக்காம்" என்றாள் குட்டி.

"நான்தான்னு சொல்லு. மஞ்சள் இருக்கான்னு கேளு."

"எந்த அளவுன்னு கேக்கறாங்க."

"முதல்ல இருக்கான்னு கேளும்மா!"

இருந்தது. மேல் தட்டில், சுருளின் கடைசியில் கொஞ்சம்போல. தையலம்மா அதை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு படியேறித் தெருவுக்கே ஓடினாள். கடை வெளிச்சத்தை நம்பித் துணி எடுக்கிறவள் தையற்காரியே இல்லை. பகல் வெளிச்சத்தில் விரித்துப் படத்தோடு ஒட்டிப் பார்த்தாள். பொடி இலை அதேதான். மஞ்சள் மட்டும் துளி பளிச்சென்று இருந்தது. புதுசு, அப்படித்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பின்னாலேயே கடைக்காரி பதறிக்கொண்டு வந்து நின்றாள், துணியோடு ஓடிவிட்டாள் என்று நினைத்தாளோ என்னவோ.

நீலக் கட்டமும் புள்ளியும் கிடைத்தன. காவிக்கு மட்டும் பக்கத்துக் காவிதான் அமைந்தது. கடைக்காரி வெட்டுகிற அழகைப் பார்க்க வேண்டுமே! ஒவ்வொரு துணியையும் மேசையில் விரித்து, தடவி, இழை நேராக இருக்கிறதா என்று குனிந்து பார்த்து, பிறகு கத்தரியை எடுத்தாள். நடுவில் கத்தரியை வைத்துவிட்டுத் தான் தைத்த போர்வைகளின் படங்களைக் காட்ட ஆரம்பித்தாள். அது அவள் மருமகனுக்காம், இது பக்கத்து வீட்டுக் குழந்தைக்காம். தையலம்மா பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினாள். இன்னொரு பெண் ஆசை ஆசையாகத் தைத்ததைப் பார்க்கக் கண்ணில்லாமல் போயிற்றே என்று ஒரு மூலையில் வெட்கமாகவும் இருந்தது.

அப்போதுதான் போன் அடித்தது.

"ஆரம்பிச்சுட்டா" என்றார் மெக்கானிக். அவர் குரலுக்குப் பின்னால் தொம், தொம் என்று சத்தம் கேட்டது. "ஜன்னல் பக்கம் வெயில் போயிடுச்சு. நான் தலையணையை வச்சுப் பிடிச்சுக்கிட்டிருக்கேன். சீக்கிரம் வா."

"என்ன சத்தம் அண்ணி அது?" என்றாள் குட்டி.

"உங்க அண்ணன்தான். எதையோ தட்டிப் பாக்கறார்."

"எங்க போனாலும் அண்ணனுக்கு அதே வேலை. எங்க லிஃப்ட்டைக் கழட்டிடப் போறார்!" என்று குட்டி சிரித்தாள். தையலம்மாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இருக்கிறதே, அதற்குப் பதில் அவள் நடுத்தெருவில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்திருக்கலாம்.

வீடு வந்ததும் குட்டியை அடுப்படியில் நிறுத்தி, "பாப்பா களைச்சுப் போயிருப்பா, நான் படுக்க வச்சுட்டு வரேன், நீ இரு" என்று சொல்லி அறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டாள். பாப்பா சுவரோரம் நின்றிருந்தாள். சுவருக்கும் நெற்றிக்கும் நடுவில் மெக்கானிக் தலையணையைப் பிடித்துக்கொண்டு, "வேணாம்டா கண்ணு, வேணாம்டா கண்ணு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நெஞ்சுவலி வந்த மனிதர் அவர். ஒரு கன்னத்தில் நகம் கீறியிருந்தது.

தையலம்மா தரையில் உட்கார்ந்தாள். அளவுகோல் இல்லை, உள்ளங்கையை வைத்து வெட்டினாள். மஞ்சள், நீலம், புள்ளி, காவி. பெருந்தையலாகப் போட்டு ஒட்டினாள். பஞ்சுக்குப் பதில் ஒரு துண்டை மடித்து உள்ளே வைத்தாள். ஊசி ஒருமுறை நகக்கண்ணில் ஏறியது, துடைக்கக்கூட நேரமில்லை. ஒரு முழம் ஆனதும் நூலை வாயால் கடித்து அறுத்துவிட்டு எழுந்தாள்.

"பாப்பா, இங்க பாரு. உன்னோட போர்வைடா. அம்மா கொண்டு வந்துட்டேன் பாரு."

பாப்பா வாங்கினாள். மூலையை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தாள். மூக்கில் வைத்து முகர்ந்தாள். மெக்கானிக் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாப்பா அதை எறிந்துவிட்டுத் தன் மணிக்கட்டைக் கடித்தாள்.

மறுபடி கொடுத்தாள். மறுபடி எறிந்தாள்.

தையலம்மா குனிந்து அந்தத் துண்டை எடுத்தாள். தானும் இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். மொரமொரவென்றிருந்தது. மில்லில் போட்ட கஞ்சி. முகர்ந்தாள். கடை வாசனை, அட்டை வாசனை, சாய வாசனை. அட பாவி மகளே! இருபது வருஷமாகத் துவைத்துத் துவைத்துப் பூப்போல ஆகிவிட்ட துணியை அல்லவா இந்தப் பெண் தேடுகிறது? மஞ்சளாவது, நீலமாவது! பொத்தானைத்தான் அவள் நிறம் பார்த்து அடுக்குவாள். போர்வையை அவள் என்றைக்குக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தாள்? மாற்றுப் போர்வையை எறிந்ததும் இதனால்தான். ஊரெல்லாம் கஸ்டமருக்குக் கண்ணால் நிறம் பார்த்துப் பார்த்தே பழகிய தையற்காரிக்கு, பெற்ற மகளின் விரல் எதைத் தேடுகிறது என்று தெரியாமல் போயிற்று. பகல் முழுக்க எந்தக் கடையிலும் விற்காத ஒன்றைத் தேடிக் கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறாள்.

அவள் முகத்தை மூடிக்கொண்டு வாய்விட்டு அழுதாள். அந்த ஒரு நிமிஷம் மெக்கானிக்கின் பிடி தளர்ந்தது. தலையணை நழுவியது. பாப்பாவின் நெற்றி வெறும் சுவரில் மோதிய சத்தம் வீடு முழுக்கக் கேட்டது.

"அண்ணி! கதவத் திறங்க!"

திறக்காமல் என்ன செய்வது? முழுப் பூசணிக்காயை எத்தனை நேரம்தான் சோற்றில் மறைப்பது? குட்டி உள்ளே வந்து பார்த்தாள். நெற்றி சிவந்து வீங்கிய பாப்பா, கீறிய கன்னத்தோடு அண்ணன், தரையெல்லாம் துணித் துண்டு.

"இதத்தான் தங்கம் தங்கம்னு சொன்னீங்களா?"

"ஆமா, பொய்தான் சொன்னேன்." தையலம்மாவுக்கு இனிமேல் ஒளிக்க ஒன்றுமில்லை. தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன. "தினமும் இப்படி இல்ல. போர்வை இருந்தா தூங்கிடுவா. அதத் தொலச்சுட்டோம். கஸ்டமரும் இல்ல, ஒருத்தரும் இல்ல. நீ பாக்கறதுக்குள்ள தச்சுடலாம்னு ஓடினேன்."

"என்கிட்ட ஏன் மறைக்கணும்?"

தையலம்மா வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் பேசமாட்டார். பெண்ணைப் பெற்ற நாளிலிருந்து கஷ்டமான வார்த்தை எதுவென்றாலும் அவள்தான் பேசியிருக்கிறாள்.

"உங்க அண்ணனுக்கு உடம்பு முடியல. எனக்கும் வயசாச்சு. நாங்க போனா இவளுக்கு யாரும் இல்ல குட்டி. நீ வச்சுப்பியான்னு கேக்கத்தான் வந்தோம். நல்ல பொண்ணுன்னு நீ நெனச்சாதானே சரின்னு சொல்லுவே? அதான். இப்ப பாத்துட்டே. இதுதான் அவ. நீ வேணாம்னு சொன்னா தப்பே இல்ல. சத்தியமா ஒரு வார்த்த சொல்ல மாட்டேன்."

குட்டி குனிந்து, பாப்பா எறிந்த துண்டை விரலால் தொட்டுப் பார்த்தாள். பாப்பாவின் வாயைப் பார்த்தாள், பழக்கதோஷம். கடித்துக் கடித்து உதடு கிழிந்திருந்தது. பிறகு சட்டென்று திரும்பி அறையை விட்டுப் போய்விட்டாள்.

போய்விட்டாள். தையலம்மா அங்கேயே சுவரில் சாய்ந்தாள். வெண்ணெய் திரளுகிற நேரத்தில் தாழி உடைந்தது என்றுகூடச் சொல்ல முடியாது, வெண்ணெயே இல்லை. அந்தப் பக்கத்து அறையில் அலமாரி திறக்கிற சத்தமும் எதையோ இழுத்துப் போடுகிற சத்தமும் கேட்டன. பெட்டி கட்டுகிறாளா, நம்மைக் கிளம்பச் சொல்லப் போகிறாளா என்றெல்லாம் தையலம்மாவின் மனசு ஓடியது. மெக்கானிக் தலையணையை எடுத்து மறுபடி சுவரோடு வைத்தார்.

குட்டி இரண்டு கையும் கொள்ளாமல் துணியோடு வந்தாள். தரையில் பொத்தென்று போட்டாள். பட்டறைக்குப் போட்டுப் போகிற வெள்ளைக் கோட்டு, காலர் நைந்த சட்டைகள், தூங்கும்போது போடுகிற பருத்தி அங்கி, சாயம்போன தலையணை உறை.

"தொட்டுப் பாருங்க அண்ணி. இந்தக் கோட்டு நான் வேலைக்குச் சேந்தப்ப வாங்கினது. துவைச்சுத் துவைச்சு வெறும் நூலாயிடுச்சு. பாப்பா கீழ போட்டதத் தொட்டுப் பாத்தேன். புதுத் துணி குத்துது. நாங்க புதுப் பல்லு கட்டினாலும் மொதல்ல வாய் ஏத்துக்காது. பழகணும். இது பழகின துணி. பாருங்க, எது சரியா வரும்?"

தையலம்மா தொட்டுப் பார்த்தாள். அந்த அங்கி பூனைக்குட்டியின் காதுபோல இருந்தது. "இது நீ இப்ப போட்டுக்கறதுதானே? நல்லாத்தானே இருக்கு, இதப் போய்…"

"அண்ணி, வெட்டுங்க."

வெட்டினாள். நிறம் பார்க்கவில்லை. குட்டி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எதிரில் சப்பணமிட்டு உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்தாள். பல்லுக்குப் பல் இழைத்துப் பழகிய விரல், சொன்னதைப் பிடித்துக்கொண்டது. அவள் ஒரு சதுரம், இவள் ஒரு சதுரம். ஜன்னலில் வெளிச்சம் சாம்பலாகிக்கொண்டே வந்தது. தலையணையில் தொம், தொம் என்று சத்தம் விழுந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு தொம்முக்கும் குட்டியின் தோள் தூக்கிப் போட்டதைத் தையலம்மா பார்த்தாள். பார்த்துவிட்டுத் தன் தையலில் கண்ணை வைத்துக்கொண்டாள்.

பாதி ஆனதும் குட்டி ஊசியையெல்லாம் எடுத்துவிட்டு, தானே அதை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கொடுக்கவில்லை. பாப்பாவின் கைக்குப் பக்கத்தில் சும்மா பிடித்துக்கொண்டு நின்றாள்.

பாப்பா மூலையைப் பிடித்தாள். தேய்த்தாள். முகர்ந்தாள். அவளுக்குத் தெரியாத வாசனை அது. அம்மாவின் வீட்டு வாசனை இல்லை, இந்த வீட்டு வாசனை, இந்த அத்தையின் வாசனை. மறுபடி முகர்ந்தாள். தையலம்மா வேண்டாத தெய்வமில்லை. பாப்பாவின் விரல் மெல்ல மெல்லத் தேய்க்க ஆரம்பித்தது. தலை இன்னும் ஓரிரு தரம் தலையணையில் மோதியது, முன்போல வேகமில்லை. அப்புறம் தலையணையிலேயே சாய்ந்து நின்றது. மெக்கானிக் அவளை மெதுவாகப் படுக்கையில் உட்கார வைத்தார். குட்டியின் அங்கியைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு பாப்பா சுருண்டு படுத்தாள்.

தையலம்மா வழக்கம்போலத் தலைமாட்டில் போய் உட்கார்ந்தாள். வழக்கமாகப் பாப்பாவின் ஒரு கை துணியில் இருக்கும், இன்னொரு கை அம்மாவின் முழங்காலைத் தேடும். இன்றைக்கு அது தேடவில்லை. இரண்டு கையும் அந்தத் துணியிலேயே இருந்தன. வேண்டியதுதானே இது? இதைக் கேட்டுத்தானே கடல் தாண்டி வந்தாள்? ஆனாலும் அவளுக்கு வயிறு எரிந்தது. பெற்ற வயிறு, எரியத்தான் செய்யும். மெக்கானிக் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினார்.

குட்டி மிச்சச் சதுரங்களை மடியில் போட்டுக்கொண்டு மறுபடி தரையில் உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து பார்க்காமலேயே கேட்டாள்.

"இந்த ஓரத்த எப்படி மடிக்கணும் அண்ணி? இப்பவே சரியா காட்டிக் குடுத்துடுங்க. நீங்க இல்லாதப்ப பிரிஞ்சா நான்தானே தைக்கணும்."

தையலம்மா எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஊசியை வாங்கினாள். கண்ணீர் மறைத்தது, துணியே தெரியவில்லை. ஊசியைத் திருப்பிக் குட்டியிடமே கொடுத்துவிட்டு, விரலால் தடவித் தடவி ஓரத்தை மடித்துக் காட்டினாள்.

"தையல் சின்னதா போடு" என்றாள். "பெருசா போட்டா உள்ள விரல விட்டுப் பிரிச்சிடுவா."